கொல்லைச் சந்தில் நின்ன காலை

அறுபத்தேழுல ஆட்சி மாறின புதுசு. தை மாசம், சம்பா அறுப்பு நேரம். ஒரத்தநாட்டுக்குக் கிழக்கே எங்க ஊர். அறுப்புக் கூலியைக் கூட்டிக் கேட்டதுக்கு மிராசுதார் வெளியூர் ஆளுங்களைக் கொண்டுவந்து வயல்ல இறக்கினார். கைகலப்பாயிடுச்சு. எங்க அப்பாவைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. அப்பாவுக்கு மூச்சு இழுப்பு உண்டு, பனிக்குத் தாங்கமாட்டார்.

மிராசுதார் ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க, அவர் தஞ்சாவூர் வீட்டுல இருக்கார், மறுநாள் மெட்ராஸ் போறாராம்னு சேதி வந்துச்சு. எங்க தெருவுல ஆம்பளைங்க எல்லாரும் போலீசுக்குப் பயந்து ஓடிட்டாங்க. அம்மாவுக்கோ கைக்குழந்தை. ஊர்லயே வாயாடின்னு பேரெடுத்தவ நான். அவரை நானே கேக்கிறேன்னு விடிகாலை பஸ்ஸுல ஏறிட்டேன். அப்போ எனக்குப் பதினெட்டு வயசு.

தஞ்சாவூருக்குத் தனியா வந்தது அதான் முதல் தடவை. மேல வீதின்னு மட்டும்தான் தெரியும். கோட்டை அகழியைத் தாண்டி உள்ளே போனா எங்க பார்த்தாலும் தெருவும் சந்தும். ஒரு தெருவுல பாத்திரம் தட்டுற சத்தம் காதைப் பொளக்குது. இன்னொண்ணுல சுவர் பூரா கட்சி விளம்பரம். சுத்திச் சுத்தி ஒரே பிள்ளையார் கோயிலுக்கே வந்து நின்னேன். அழுகையும் ஆத்திரமுமா வந்துச்சு. கடைசியில ஒரு சைக்கிள் கடைக்காரர்கிட்ட மிராசுதார் வீடு எதுன்னு கேட்டேன்.

"இந்தத் தெருவுல கல்லை விட்டெறிஞ்சா ஏதாச்சும் ஒரு மிராசுதார் மேலதான் விழும். எந்த ஊர்க்காரரும்மா?"ன்னு சிரிச்சார். ஊர் பேரைச் சொன்னதும் கையைக் காட்டினார்.

வாசல்ல கார் நின்னுச்சு. அப்பாடா, ஆள் இருக்கார்னு எனக்கு உசிரே வந்துச்சு.

ஊர்ல பண்ணை வீட்டுக்கு எங்க ஆளுங்க போனா மாட்டுக்கொட்டகை பக்கமாச் சுத்தி, கொல்லையில நின்னுதான் குரல் கொடுக்கணும். கால் அப்படியே பழகிப்போச்சு. அந்த வாசலைத் தாண்டி, சாக்கடைச் சந்துக்குள்ள நுழைஞ்சு, வீடுகளை எண்ணிக்கிட்டே போய், கொல்லைக் கதவுக்கு எட்டி நின்னு "ஐயா"ன்னு கூப்பிட்டேன். பதிலே இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பெரிய மனுஷர், வர நேரமாகும்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு, என்ன பேசணும்னு மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டு நின்னேன். வெயில் ஏறிடுச்சு.

பாத்திரம் தேய்க்கிற அம்மா குப்பை கொட்ட வெளியில வந்தாங்க. விஷயத்தைச் சொன்னேன்.

"அடப்பாவி பொண்ணே! அவர் அப்பவே கார்ல கிளம்பிட்டாரே. வாசல்ல நின்னவங்ககிட்ட எல்லாம் பேசிட்டுத்தான் போனார். நீ எதுக்கு இங்க வந்து நின்னே?"

ஓடினேன். வாசல் வெறிச்சோடிக் கிடந்துச்சு. அப்படியே தெருவுல உட்கார்ந்து, போற வர்றவங்க பார்க்கப் பார்க்க அழுதேன்.

அப்பா உசிரோட திரும்பலை. ஜெயில்ல இழுப்பு அதிகமாகிப் போயிட்டார்.

பார்த்திருந்தா அந்த மனுஷர் இரங்கியிருப்பாரா? தெரியாது. விரட்டியும் விட்டிருக்கலாம். நான் படிச்சு, டீச்சராகி, இப்போ ரிட்டயர்டும் ஆயிட்டேன். எந்த ஆபீசுக்கும் நேரா உள்ளே போயிடுவேன். ஆனா அன்னைக்குப் பின்பக்கம் போன்னு என்னைத் தஞ்சாவூர்ல ஒருத்தர்கூடச் சொல்லலை, நானாத்தான் போனேன்.