வேட்டி கட்டிய எலும்பு

பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம். சிவராத்திரி கழிந்த மறுவாரம், விடியும் முன்னே சின்னமனூரில் வண்டி பூட்டச் சொன்னேன். கம்பம் போய், அங்கிருந்து கிழக்கே மலையடிவாரக் குகை வரைக்கும் கூலி எட்டணா.

அந்தக் குகையில் எங்கள் வகையறாவின் முதல் பாட்டனுடைய தொடையெலும்பு இருக்கிறது. சிவராத்திரிக்கு அதற்குப் புது வேட்டி கட்டிப் பொங்கல் வைப்போம். பெண்கள் உள்ளே போகக்கூடாது. ஒரு வருஷம் என் மகள் பேச்சி மழைக்கு ஒதுங்கி உள்ளே போய்விட்டாள். அந்த வருஷம் கோமாரியில் மாடுகள் செத்தன. பாட்டன் கோபம் என்று பங்காளிகள் அவளை ஊரைவிட்டுத் தள்ளினார்கள்.

இப்போது குகையைத் தோண்டும் துரை, அது மனுஷ எலும்பே இல்லை என்றாராம். அதைப் பங்காளிகள் காதில் போட்டு, மகளை வீட்டுக்கு அழைத்துவரத்தான் புறப்பட்டேன்.

உத்தமபாளையம் தாண்டியதும் வண்டிக்காரன் மாயாண்டி, "பெரியாத்தா, ஒங்க பாட்டனுக்குத் தும்பிக்கை இருந்துச்சாம்ல?" என்றான்.

"ஒன் பாட்டனுக்கு வாலே இருந்துச்சு. ரோட்டப் பாத்து ஓட்டு."

அங்கிருந்து ஆறு மைல் கம்பம். உச்சிப்பொழுது. அங்கே நாற்று நட்டுப் பிழைக்கும் பேச்சி, வரமாட்டேன் என்றாள். அதட்டித்தான் ஏற்றினேன்.

குகை வாசலில் சாக்கு விரித்து எலும்புகளைப் பரப்பியிருந்தார்கள். பாட்டன் தொடையை நிறுத்தினால் என் நெஞ்சுக்கு வரும். பக்கத்தில் அம்மிக்கல் கனத்தில் ஒரு பல், வரிவரியாக. யானை மாதிரி ஒரு மிருகம், இப்போது பூமியிலேயே கிடையாது என்று துரையின் துபாஷி சொன்னார். அந்தப் பல்லைப் பார்த்த பிறகு எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

சேதி கேட்டு முன்னமே வந்திருந்த பங்காளிகளோடு நின்ற என் வீட்டுக்காரரின் அண்ணனிடம், மிருகத்துக்காகவா என் பிள்ளையைத் தள்ளினீர்கள் என்று கேட்டேன்.

அவர் நிதானமாகச் சொன்னார்: "மிருகமாவே இருக்கட்டும் தாயி. நம்ம பெரியவுக அதுக்கு வேட்டி கட்டுனாகள்ல, அன்னைக்கே அது பாட்டன்தான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். துரை சிரித்தார். நான் மறுபடி வாயெடுத்தபோது பேச்சி என் கையைப் பிடித்தாள்.

"எலும்பு யாருதா இருந்தா எனக்கென்ன ஆத்தா? வெளிய போன்னு என்னைச் சொன்னது எலும்பில்லையே. நீயும் அன்னைக்கு அங்கனதான நின்ன?"

திரும்பும்போது கம்பத்தில் அவளோடு நானும் இறங்கினேன். வண்டி காலியாகப் போயிற்று. சின்னமனூரில் என் வீடு இரண்டு கட்டு, கிணறு உண்டு. இந்தக் குடிசையில் இரண்டு பேர் கால் நீட்டினால் கதவைச் சாத்த முடியாது. பேச்சி எனக்குச் சோறு போடுகிறாள். பேசுவதில்லை.