எந்தக் கால் என்று கேட்டாள் அம்மா

அந்த ஆடிட்டரை எனக்குப் பிடிக்காது. நியாயமாக எழுத முயன்று பார்த்தேன், முடியவில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருடைய அலுவலகம் இருக்கும் தெரு வழியாகப் பேருந்து போகும்போது இப்போதும் நான் எதிர்ப்பக்க ஜன்னலைத்தான் பார்க்கிறேன்.

அவர் உண்மையிலேயே ஆடிட்டர்தானா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. மாடிப்படி தொடங்கும் இடத்தில் இருந்த பலகையில், வருமான வரி, ஓய்வுக்கால ஆலோசனை என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் அப்பா வேலை பார்த்த ஆலையில் எல்லோரும் அவரை ஆடிட்டர் என்றார்கள். நாங்களும் அப்படியே சொன்னோம். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவருடைய அப்பா ரயில்வேயில் இருந்தவராம். 'நம்ம ஆளு' என்பதுதான் அப்பா அவரிடம் போனதற்கு முதல் காரணம். எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கம். அங்கிருந்து மூட்டை தூக்க வந்த அப்பா, அதே ஆலையில் நிரந்தரத் தொழிலாளி ஆனார். அவருக்கு எழுத்துத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். ஆனால் எண்கள் தெரியும். அழுத்தமானியின் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று தள்ளி நின்றே சொல்லிவிடுவார்.

ஒவ்வொரு வருடமும் கணக்குக் கொடுக்கும் காலம் வந்ததும், ஆலையில் ஒருவர் எல்லோருடைய சம்பளச் சான்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு போய் அந்த அலுவலகத்தில் கொடுப்பார். கட்டணம் கிடையாது. பிடித்த வரி திரும்பி வந்தால், அதில் பத்துக்கு இரண்டு ஆடிட்டருக்கு. யாருக்கும் வராமல் போனதில்லை. எல்லோருக்கும் எப்படி வருகிறது என்று யாரும் கேட்டதும் இல்லை. வணிகவியல் படித்துக்கொண்டிருந்த நான்கூடக் கேட்கவில்லை.

அப்பாவிடம் அப்போது இருந்தது பொத்தான் போன். அதனால் வரிக் கணக்கில் பதிவதற்கு என் எண்ணைக் கொடுத்தார். "எம் பையன் நெம்பருங்க. காலேஜு படிக்கறானுங்" என்று அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அப்பாவின் காரியம் ஒன்றில் என் பெயரோ எண்ணோ இடம்பெற்றது அதுவே முதல் தடவை.

வருடத்துக்கு ஒரு நாள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிடுவாள். "ஓடிபி வந்திருக்கா? பேக, சீக்கிரம் சொல்லுப்பா, இன்னும் நாப்பது பேர் இருக்காங்க." வகுப்பறைக்கு வெளியே வராந்தாவில் நின்று, ஆறு இலக்கங்களையும் ஒரு அதிகாரியின் தோரணையில் சொல்லுவேன். யாரிடமும் சொல்லாதே என்று அதே குறுஞ்செய்தியில் எழுதியிருக்கும். அதையும் படித்துவிட்டுத்தான் சொல்லுவேன். மூன்று வருடம் சொன்னேன். இரண்டாவது வருடம் திரும்பி வந்த பணத்தில் அப்பா எனக்கு மடிக்கணினி வாங்கித் தந்தார்.

அப்பா ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது என் போனுக்கு வரித்துறையிலிருந்து செய்தி வந்தது. தாக்கல் செய்த கணக்குகளில் வரியைக் குறைக்கக் கோரிய கழிவுகள் சந்தேகத்துக்கு இடமானவை, சரிபார்த்துத் திருத்தவும் என்றிருந்தது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். படித்தவுடன் புரிந்தது. புரிந்தும் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குள் ஆடிட்டர் ஆலைக் கேன்டீனுக்கே வந்து, ஓய்வு பெறப்போகிறவர்களுக்கு ஆலோசனைக் கூட்டம் நடத்திவிட்டுப் போயிருந்தார். பிஎஃப் பணம், கிராஜுவிட்டி எல்லாவற்றையும் ஒரே பென்ஷன் திட்டத்தில் போட்டுவிட்டால் சாகும்வரை கவலை இல்லை என்று சொன்னாராம். பிஎஃப்பிலிருந்து முன்பணம் வந்ததும் முதல் தவணைக்குச் செக் தருவதாக அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். நான் செய்தியைச் சொன்னதும் அவருக்குப் போன் போட்டார்.

"நோட்டீசா? சனிக்கிழமை செக்கோட வாங்க. அதையும் சேர்த்து முடிச்சிடலாம். தொந்தரே இல்ல" என்றார் ஆடிட்டர்.

முப்பத்திரண்டு வருட உழைப்பின் பணம் முழுவதும் அந்த முதல் செக்கின் பின்னாலேயே போய்விடும். அதை அந்த மாடிப்படி ஏற விடுவதா கூடாதா என்பதுதான் அந்த வாரம் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கேள்வி. ஆனால் அப்பா அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியைத் திறந்தேன். வரித்துறை இணையதளத்தில் அப்பாவுடைய கணக்கின் கடவுச்சொல் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தது. என் எண்ணுக்கு வந்த ஓடிபியை வைத்து ஐந்து நிமிடத்தில் அதை மாற்றிவிட்டேன். அந்தக் கதவுக்குச் சாவி மூன்று வருடமும் என் சட்டைப்பையில்தான் இருந்திருக்கிறது.

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். நாங்கள் இருப்பது சொந்த வீடு. அதற்கு வாடகை கட்டியதாக இருந்தது. எந்தக் கட்சியின் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டாலே அப்பா திட்டுவாரோ, அந்தக் கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாக இருந்தது. "அவனுகளுக்கா?" என்று அப்பா சிரிக்கக்கூடச் செய்தார். அடுத்த வரியில் நான் நின்றுவிட்டேன்.

"என்றா? படி."

"அம்மாவைப் பத்திப்பா. மனைவி, கடும் ஊனம், இவரையே நம்பி இருக்கறவங்கன்னு போட்டு, அதுக்கு ஒரு கழிவு வாங்கியிருக்காங்க."

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டு வந்திருந்தாள். ஒவ்வொரு வருடமும் அடிவாரத்துத் தாளுபெட்டாவில் பேருந்தை விட்டு இறங்கி, காட்டுவழியாக மலைவரைக்கும் நடந்தே போவாள். பாதத்தில் கொப்புளம் இன்னும் ஆறவில்லை.

"எத்தன வருசமா எழுதியிருக்கறான்?"

"மூணு வருஷமும்."

"மூணு வருசமா நா மொடம். வீட்டுல ஒருத்தருக்கும் தெரியல" என்றாள். சனிக்கிழமை காலையில் நாங்கள் கிளம்பும்போது அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"நீ எதுக்கு? நாங்க பாத்துக்கறோம்" என்றார் அப்பா.

"நீங்க பாத்துக்கிட்ட லட்சணத்தத்தான் இவன் படிச்சுச் சொன்னானே."

அலுவலகத்தில் இரண்டு பெண்கள் கணினியில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஆடிட்டர் அப்போதுதான் கீழே போய்க் காப்பி குடித்துவிட்டு மேலே வந்திருந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "வாங்க வாங்க, குடும்ப சமேதரா? உக்காருங்கம்மா" என்றார்.

அம்மா உட்காரவில்லை. "உக்கார வரலீங் சார். ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். எந்தக் காலுங்க?"

"என்னம்மா?"

"எனக்கு எந்தக் காலு இல்லைன்னு எழுதுனீங்க? எடதா, வலதா?"

தட்டச்சுச் சத்தம் நின்றது. ஆடிட்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஐயோ, அது சும்னே ஒரு கட்டம்மா. ரீஃபண்ட் வரணும்னா ஏதாவது போடணும். உங்களுக்கு மட்டுமா? அந்த ஃபேக்டரில பாதிப் பேருக்கு அதான் போட்டிருக்கேன்."

"பாதிப் பேரு பொண்டாட்டியும் மொடமா? ஏனுங்க சார், உங்க சம்சாரத்துக்கு என்ன எழுதி வெச்சிருக்கீங்க?"

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போன வாரம் மலைக்கு நடந்து போயிட்டு வந்த காலுங் இது. உங்களுக்கு இந்த மாடிப்படிக்கே மூச்சு வாங்குது. யார மொடம்னு எழுதறது?"

ஆடிட்டரின் சிரிப்பு போய்விட்டது. அவர் அம்மாவை விட்டுவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "யஜமானரே, மூணு வருஷம் பணம் வாங்கும்போது இனிச்சுதல்லவா? அப்போ கால் எங்கேன்னு யாரும் வந்து கேக்கலையே?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த ஆள் கேட்டது உண்மைதான். அதனாலேயே எனக்கு அவர்மேல் இன்னும் கோபம்.

"சரி, பரவாயில்ல. செக் எடுங்க. பிளானை முடிச்சிட்டு நோட்டீஸுக்கு நானே பதில் போடறேன்."

"நோட்டீஸுக்கும் பிளானுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"ஓ, மிஸ்டர் பி.காம். வாய் திறக்கறாரு!"

கேன்டீனில் கொடுத்த திட்டப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் விரித்தேன். "இதுல பென்ஷன் பத்து வருஷம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும்னு போட்டிருக்கு. முகவர்னு உங்க வீட்டம்மா பேர் இருக்கு."

அப்பா நிமிர்ந்தார். "பத்து வருசமா? ரிட்டேர் ஆனதும் மாசாமாசம் வரும்னீங்களே சார்?"

"ரிஸ்க் இல்லாம நல்லா வளரணும்னா காத்திருக்கணும்ப்பா."

"அதுவரைக்கும் என்னத்தத் திங்கறது?" என்றாள் அம்மா.

ஆடிட்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பிறகு எனக்காகவே வைத்திருந்ததை எடுத்தார். "இவ்ளோ பேசறானே உங்க மகன், கணக்கைச் சமர்ப்பிச்சது யார் தெரியுமா? நான் டைப் பண்ணேன், அஷ்டே, அவ்ளோதான். ஓடிபி போகாம அது உள்ள போகாது. ஓடிபி குடுத்தது இவன். மூணு தடவை. யார் வந்து விசாரிச்சாலும் நான் இதைத்தான் சொல்வேன்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நெசமாடா?"

"ஆமாப்பா."

"என்னன்னு படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தியா?"

"இல்லப்பா."

அவர் என்னை அடித்திருக்கலாம். சட்டைப்பையில், பிளாஸ்டிக் உறையில், கையெழுத்துப் போட்ட செக் இருந்தது. கை அங்கே போனது. உறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்.

"அவம் பண்ணுன தப்ப நா அவங்கிட்டக் கேட்டுக்கறேனுங்க. எங்க காயிதத்தக் குடுங்க" என்றார்.

"யோசிச்சுப் பேசுங்க. நாளைக்கு இதே படி ஏறி வரணும். வரி ஆபீசுக்கு ஒரு பதில் எழுதத் தெரியுமா உங்களுக்கு?"

"எழுதத் தெரியாதுங். நடக்கத் தெரியும்" என்றாள் அம்மா.

ஒரு பெண் எழுந்து எங்கள் கோப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். ஆடிட்டர் அவளை முறைத்தார். அவள் பார்க்காதவள்போல உட்கார்ந்து மறுபடி தட்டத் தொடங்கினாள்.

அடுத்த எட்டு நாளும் அப்பா வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அம்மாவிடம் சொன்னார். ஒன்பதாவது நாள் மாலையில் மடிக்கணினியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "மூணு வருசத்ததும் திருத்து. நீ படிக்கப் படிக்க நாங் கேக்கறேன்" என்றார்.

கழிவே இல்லாத கட்டங்களையும் படிக்கச் சொன்னார். வாடகை, சைபர். நன்கொடை, சைபர். ஊனமுற்ற மனைவி, சைபர். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அத இன்னொருக்கா படி." படித்தேன். திரும்பி வந்த வரியும் வட்டியும் அதற்கு மேல் அபராதமும் பிஎஃப் முன்பணத்திலிருந்து போயின. மடிக்கணினியின் விலையும் அதில் அடக்கம் என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். மீதியையும் ஓய்வு பெற்றதும் வந்த பணத்தையும் தபால் ஆபீசில் போட்டோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருகிறது. அந்த வட்டியில் வீடு இழுத்துப் பிடித்து ஓடுகிறது. ஆலையில் பாதிப் பேர் இன்னும் அந்த ஆடிட்டரிடம்தான் போகிறார்கள். அவர்களில் இரண்டு பேர் அப்பாவைப் பார்த்தால் பேசுவதில்லை. தங்களை வரித்துறைக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான் என்று நினைக்கிறார்கள்.

ஓய்வு பெற்ற அடுத்த வாரம் அப்பா தொடுதிரை போன் ஒன்று வாங்கினார். வரிக் கணக்கிலிருந்து என் எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போடச் சொன்னார். போட்டேன்.

இந்த வருடக் கணக்கை நான்தான் தாக்கல் செய்தேன். முழுவதும் படித்துக் காட்டி, கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அவர் போனில் ஓடிபி வந்து மணி அடித்தது. போனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவர் போனைத் தன் மார்போடு திருப்பி வைத்துக்கொண்டார்.

"எதுக்கு இது?"

"கணக்கு உள்ள போறதுக்குப்பா. நான் படிச்சுக் காட்டின அதே கணக்குதான்."

"வேற எதுவுமில்லயே?"

"இல்லப்பா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அழுத்தமானியைப் பார்ப்பதுபோல் போனைத் தள்ளிப் பிடித்தார். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். ஒன்றை நான் தட்டி முடித்து நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அடுத்ததைச் சொன்னார்.