டிரைவர் சொன்ன சின்ன ஏத்தம்

எங்கள் டிரைவருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்தாறு வருடம் ஒரே பாதையில் பஸ் ஓட்டியிருக்கிறார். எந்தப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அந்தத் தைரியத்தில்தான் தையல்காரனான நானும், பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் கம்பவுண்டரும் அதே பாதையில் அவரோடு நூறு கிலோமீட்டர் சைக்கிளில் கிளம்பினோம். விதி யாரை விட்டது?

போகிற இடம் அவர் மகள் வேலை பார்க்கும் ஊர். அவளுக்கு ஐந்து மணிக்கு ஆபீஸ் முடியும். பள்ளிக்கூட நாளிலிருந்து அவளைக் கூப்பிடப் போன ஒரு நாள்கூட இவர் நேரத்துக்குப் போனதில்லை. "இந்தத் தடவை சைக்கிள்லயே வந்து அஞ்சுக்கு ஆபீஸ் கேட்டுல நிப்பேன்" என்று போனில் சொன்னாராம். "நீங்க பஸ்ல வந்தாலே லேட்டுதாம்ப்பா" என்று அவள் சிரித்திருக்கிறாள். மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

காலை ஆறுக்குப் புறப்பட்டோம். பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம், சைக்கிளுக்கு அதைப்போல் மூன்று மடங்கு, சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி. இது அவர் போட்ட திட்டம். எல்லாம் நன்றாகத்தான் போனது, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் அவர் பிரேக் பிடித்ததைத் தவிர.

"இங்க யாருய்யா ஏறப் போறாங்க?" என்று கம்பவுண்டர் கத்துவார். டிரைவர் அசடு வழிந்துகொண்டே மிதிப்பார்.

எண்பதாவது கிலோமீட்டரில் வந்தது அந்த ஏற்றம். "சின்ன ஏத்தம்தான், செகண்ட் கியர் போட்டா போதும்" என்று சொல்லியிருந்தார். ஒன்பது கிலோமீட்டர்! என் சைக்கிளில் கியரே கிடையாது. மூன்றாவது வளைவில் மூவரும் இறங்கித் தள்ளினோம்.

"இத்தனை வருஷமா நான்தான் ஏறுறேன்னு நெனச்சுட்டு இருந்தேன்," என்றார் மூச்சிரைக்க. "ஏறினதெல்லாம் எஞ்சினுய்யா."

நாலரைக்கு, பின்னாலிருந்து அவருடைய பஸ்ஸே வந்தது. அன்று அதை ஓட்டிய டிரைவர் பக்கத்தில் நிறுத்தினார். "ஏறுங்கண்ணே, சைக்கிளை மேல கட்டிரலாம். அஞ்சுக்கெல்லாம் போயிரலாம்."

அதற்குள் கம்பவுண்டரின் ஒரு கால் படிக்கட்டில். எங்கள் டிரைவர் வாட்சைப் பார்த்தார்.

"சைக்கிள்ல வர்றேன்னுதாம்ப்பா சொல்லியிருக்கேன். நீ போ. பாப்பா ஆபீஸ் கேட்டுல நிக்கும், லேட்டாகும்னு சொல்லிடு."

பஸ் போனதும் முகம் தொங்கிப்போனது. "இன்னைக்கும் காக்க வச்சுட்டேன்" என்றார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பஸ்ஸை விட்ட ஆத்திரமும் இருந்தது.

மேலே சமதரைக்கு வந்தபோது மணி ஆறு. எதிரே ஒரு பெண், கழுத்தில் அடையாள அட்டை ஆட, சைக்கிளில் விறுவிறுவென்று வந்தாள். அவர் மகள்தான்.

"பஸ்காரண்ணன் சொன்னாருப்பா. வாட்ச்மேன் சைக்கிளை வாங்கிட்டு வந்துட்டேன்."

டிரைவர் வாயைப் பிளந்தார். "நீ எப்பம்மா சைக்கிள் கத்துக்கிட்ட?"

"எட்டாவது படிக்கிறப்போ. நீங்க டூட்டிக்குப் போனப்புறம்."

"என்கிட்ட சொல்லவே இல்லியே?"

"ரோட்டுல உங்கள மாதிரி டிரைவருங்க இருக்கிற வரைக்கும் எனக்கு சைக்கிள் கெடையாதுன்னு நீங்கதானேப்பா சொன்னீங்க?"

நானும் கம்பவுண்டரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். டிரைவர் சிரிக்கவில்லை. அவளை இறங்கச் சொல்லி, டயரை அழுத்திப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். தினமும் பஸ்ஸைச் சுற்றி வருவதுபோல் அந்தச் சைக்கிளையும் ஒரு சுற்று வந்தார். கண் கலங்கியிருந்தது.

"சரி, எடு" என்றார். "நீ முன்னால போ."