வீட்டில் வைத்த முயல்

மலையாளச் சீமையில், ஆரியசாலைக் கடைத்தெருவில் எங்கள் வீட்டுக்குக் கடை வழியாகத்தான் நுழைய வேண்டும். முன்கட்டில் சுக்கும் மிளகும் ஏலமும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். அதைத் தாண்டினால் முற்றம், முற்றத்துக்கு அப்பால் நாங்கள். விருந்தாளியானாலும் வாழைக்குலையானாலும் அப்பாவின் தராசைக் கடந்துதான் வீட்டுக்குள் வர முடியும். அந்த முயலும் அப்படித்தான் வந்தது.

மோட்டார் பஸ் ஓடத் தொடங்கியும் மலைச்சரக்கு மாட்டுவண்டியிலேயே வந்துகொண்டிருந்த காலம். எனக்கு ஏழு வயதிருக்கும். பொன்முடிக்குப் போகிற வழியில் தோப்பும் தோட்டமுமாக வாழ்ந்த ஒரு மலையாளி, அப்பாவுக்கு மிளகும் இஞ்சியும் அனுப்பிவந்தார். அவரும் பிள்ளை, அப்பாவும் பிள்ளை. ஒருவரையொருவர் 'பிள்ளே' என்று கூப்பிட்டுக்கொள்வதில் இரண்டு பேருக்குமே ஒரு சந்தோஷம். என்றோ விட்டுப்போன சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டவர்கள் மாதிரி பழகினார்கள்.

அந்த வருஷம் எனக்கு ஒரு தம்பி பிறந்து, பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டான். எனக்கு அவனைச் சரியாகக் காட்டவில்லை. பிறக்கும்போது ஏதோ துணி சுற்றியிருந்தது, போகும்போதும் ஏதோ துணி சுற்றியிருந்தது. அம்மா உள்ளறைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தவள் படுத்தவள்தான். சோறு வேண்டாம், கஞ்சி வேண்டாம், பேச்சும் வேண்டாம். அழவும் இல்லை. யாரும் அழாத வீட்டில் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது என்று நான் முடிவுகட்டியிருந்தேன்.

பிரசவத்துக்கு ஒத்தாசையாக அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த அத்தை, அப்பாவின் அக்காள், ஊருக்குத் திரும்பாமல் அடுப்படியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். வைத்தியர் வந்து நாடி பார்த்தார். உடம்பில் நோய் ஒன்றுமில்லை, ஆனால் அன்னம் இறங்காமல் இப்படியே போனால் கை விட்டுப் போய்விடும் என்று முற்றத்தில் நின்று அப்பாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அப்பா தராசில் படிக்கல்லை மாற்றி மாற்றி வைக்க ஆரம்பித்தார். அவர் கை தவறி நான் பார்த்தது அப்போதுதான்.

விஷயம் எப்படியோ மலை வரைக்கும் போயிருக்கிறது. இஞ்சி மூட்டைகளோடு வந்த வண்டிக்காரர் ஒரு மூடிய ஓலைக்கூடையை இறக்கிவைத்தார்.

"எஜமான் தந்நயச்சதாணு. வீட்டில் வைக்கணும்னு பறஞ்ஞு. அம்மைக்குள்ளது. க்ஷீணம் ஒக்கெ மாறும்" என்றார். அம்மாவுக்கென்று எஜமான் கொடுத்தனுப்பியது, சோர்வெல்லாம் தீர்ந்துவிடும் என்று அர்த்தம்.

மூடியைத் திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு முயல். தோட்டத்துத் துரை பங்களாவில் கூடு கட்டி வளர்க்கிறார்களாம், அங்கிருந்து சொல்லிவைத்து வாங்கியதாம். படுத்துக் கிடக்கிற ஒருத்திக்குப் பார்த்துப் பொழுதுபோக ஒரு உயிரை அனுப்பத் தோன்றியிருக்கிறதே, என்ன மனுஷர் என்று அப்பா அத்தையிடம் சொன்னார். கூடையைக் கட்டிலருகே தூக்கிக்கொண்டு போனார்.

"பிள்ளை அனுப்பியிருக்காரு. வீட்ல வைக்கச் சொல்லி. ஒனக்குன்னே."

அம்மா தலையைத் திருப்பி முயலைப் பார்த்தாள். மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆகவே முயல் எனக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு அதில் குறை ஒன்றுமில்லை. பழைய தேயிலைப் பெட்டியைச் சாய்த்துப் போட்டு முற்றத்தில் அதற்கு வீடு அமைத்தேன். எனக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் கொடுத்தேன்: அவல், வெல்லம், ஏத்தன்பழம், அத்தை கண்ணில் படாமல் எடுத்த சர்க்கரை உப்பேரி என்கிற வெல்லம் பூசிய வாழைக்காய் வறுவல். முயலும் வேண்டாமென்று சொல்லவில்லை. புல் தின்கிற பிராணிக்குப் புல்லைத் தவிர மற்ற எல்லாம் கிடைத்தது. "பெத்தவளுக்குக் கஞ்சி எறங்கல, முயலுக்கு வெல்லம் கேக்குதோ" என்று அத்தை முனகுவாள். ஆனாலும் ஒருநாள் அவளே அதற்கு நெய் விட்டுப் பருப்புஞ்சோறு பிசைந்து வைத்ததை நான் பார்த்தேன்.

கொஞ்ச நாளில் முயல் பெட்டியின் மூலையில் உடம்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அவலை முகர்ந்து பார்க்கக்கூட இல்லை. பெட்டியைக் கூட்ட வந்த அத்தைக்குக் கூட்டுவதற்குப் புழுக்கை ஒன்றும் இல்லை. பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. நான் அது எதையோ தின்கிறதென்று நினைத்து, இன்னும் கொஞ்சம் வெல்லம் வைத்தேன்.

அத்தை அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நேரே கடைக்குப் போனாள். நான் ஏல மூட்டைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"தம்பி, இது தேறாது. சாகணும்னா வெளியில போயிச் சாகட்டும். இவ கண்ணு முன்னால இன்னொண்ணு வேண்டாம்."

அப்பா தராசுத் தட்டிலிருந்த மிளகைச் சாக்கில் கொட்டினார். பிறகு, "இன்னைக்குச் சரக்கு கொண்டுவந்த வண்டிக்காரன் சாயங்காலம் திரும்பிப் போவான். அவன்ட்ட குடுத்துருதேன்" என்றார்.

அதில் எனக்கு விளங்கியது முயலை எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்பது மட்டும்தான். வீட்டில் யாரும் எட்டிப்பார்க்காத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. முயலைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய், அம்மாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளி, நானும் பின்னால் ஊர்ந்துபோய்ப் படுத்துக்கொண்டேன். அம்மா இருப்பதை நான் ஒரு தடையாகவே நினைக்கவில்லை. அவள் எதையும் கவனிக்காத ஆள் ஆகி வெகுநாளாயிருந்தது.

கட்டிலுக்கடியில் பல் கடிக்கிற சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. நான் முயலின் வாயைப் பொத்தப் பார்த்தேன். அப்போது மேலேயிருந்து ஒரு கை தொங்கியது. விரல்கள் துழாவி என் தலையைத் தொட்டு, அதை ஒதுக்கிவிட்டு, முயலைத் தொட்டு, அதன் வயிற்றில் நின்றன.

"வயிறு கல்லா இருக்கே" என்றாள் அம்மா.

எத்தனையோ நாளுக்கப்புறம் கேட்ட குரல். என்னிடம் பேசினாளா, முயலிடம் பேசினாளா என்று தெரியவில்லை. "என்னத்தைக் குடுத்த?" என்று கேட்டபோதுதான் என்னிடம் என்று புரிந்தது. நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். உப்பேரியைச் சொன்னதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"மயினி, உரைகல்லு எங்க இருக்கு?"

அத்தை கையிலிருந்த கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். ஓடிப்போய் உரைகல்லும் சுக்கும் வசம்பும் எடுத்து வந்தாள். பச்சைப்பிள்ளைக்கு வயிறு உப்பினால் என்ன செய்வார்களோ, அதையெல்லாம் அம்மா வரிசையாகச் செய்தாள். வசம்பைச் சுட்டு உரைத்தாள். ஓமத்தைக் கொதிக்கவைத்து வடிகட்டினாள். விளக்கெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, முயலை மடியில் போட்டு வயிற்றில் வட்டமாகத் தடவினாள். மருந்து புகட்ட வேண்டி வந்தபோது, "அந்தச் சங்கை எடுங்க" என்றாள்.

அது வெள்ளிச் சங்கு. தம்பிக்குப் பால் புகட்டவென்று அப்பா செய்வித்தது. அவனுடைய சாமான்களோடு அத்தை அதைத் தன் டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டியிருந்தாள். என்னைத் தொட விட்டதே இல்லை. அத்தை என்னவோ சொல்ல வாயெடுத்தாள். இதற்குள் சத்தம் கேட்டு வந்து நின்றிருந்த அப்பா, வேண்டாம் என்று கையைக் காட்டினார். அத்தை பெட்டியைத் திறந்தாள். முயலின் கடைவாயில் சங்கின் மூக்கை வைத்து, சொட்டுச் சொட்டாக அம்மா மருந்தை விட்டாள். எனக்குத் தராத சங்கை ஒரு முயலுக்குத் தருகிறார்களே என்று எனக்கு மனம் கசந்தது. வண்டிக்காரர் வெறுங்கையோடுதான் மலைக்குப் போனார்.

அன்றிலிருந்து முயல் என் கையைவிட்டுப் போனது. எனக்கு வெளிவேலை மட்டும்தான். குளக்கரையில் அருகம்புல் பறித்து வர வேண்டும். வேலியில் முள்முருங்கை இலை ஒடித்து வர வேண்டும். அவலும் வெல்லமும் கூடாதென்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முயல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது, நடமாடினால்தான் வயிறு இளகும் என்று அதை முற்றத்தில் விட்டு, பின்னாலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெயிலில் அவள் முகம் அரிசிமாவு மாதிரி வெளுத்திருந்தது. முயல் நின்றால் அவளும் நிற்பாள். அது நகர்ந்தால் நகர்வாள். என் முயலை இப்படி எடுத்துக்கொண்டுவிட்டாளே என்று நான் தூணருகே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

அத்தை மகா கெட்டிக்காரி. அம்மா ஒரு புல்லை முயலின் வாயருகே நீட்டிக்கொண்டு, இப்போது கடிக்குமா, இன்னும் சற்றுப் பொறுத்துக் கடிக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, மோர்ச்சாதத்தைப் பிசைந்து எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். உருண்டையை அம்மாவின் இடது பக்கத்திலிருந்து வாய்க்கு நேரே கொண்டுபோவாள். முயலை விட்டுக் கண்ணெடுக்காமல் அம்மா வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள். முயல் ஒரு புல்லைக் கடிப்பதற்குள் கிண்ணம் காலியாகிவிடும்.

பெட்டியில் முதல் புழுக்கை விழுந்ததை அத்தைதான் கண்டாள். குளிக்காமல் அடுப்படிக்குள் நுழையாதவள், விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டே கடை வாசல் வரை வந்து, "தம்பி, போட்டுட்டு" என்றாள். அப்பா எடை போட்டுக்கொண்டிருந்த மிளகை அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். மூன்று பெரியவர்கள் தேயிலைப் பெட்டியைச் சுற்றிக் குனிந்து நின்று முயல் புழுக்கையைப் பார்த்துப் பூரித்துப்போனதை நான் என் கண்ணால் கண்டேன். எங்கள் வீட்டில் எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு கிடைத்தபோதுகூட அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை.

முயல் தேறிவிட்டது. அம்மா அடுப்படிக்கு வந்துவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் மலையிலிருந்து பிள்ளை நேரில் வந்தார். உயரமான மனிதர், வெற்றிலைச் சிவப்பு வாய். கடைப்பலகையில் உட்கார்ந்ததும் முதல் விசாரிப்பே வீட்டைப் பற்றித்தான்.

"பிள்ளே, வீட்டில் எங்ஙனெ?"

"எந்திரிச்சு நடமாடுதா. நல்லா சாப்பிடுதா. எல்லாம் ஒங்க முயலாலதான்" என்றார் அப்பா. உட்கதவுக்குப் பின்னால் அம்மாவும் அத்தையும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவின் பக்கத்தில் நின்றேன்.

வந்தவர் தொடையைத் தட்டிக்கொண்டார். "ஞான் பறஞ்ஞில்லே? அதொரு மருந்தாணு. குருமிளகு கூடுதல் இட்டல்லே வச்சது?" மிளகு கூடுதலாகப் போட்டுத்தானே வைத்தீர்கள் என்று கேட்டார்.

அப்பா விழித்தார். அவருக்கு மலையாளம் தெரியாமல் இல்லை. பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி. 'வைப்பது' என்றால் அடுப்பில் வைத்துச் சமைப்பதும்தான் என்று அவருக்குத் தெரியும். தமிழிலும் நாங்கள் குழம்பு வைக்கிறவர்கள்தானே. ஆனால் தாத்தா காலத்தில் நெல்லையிலிருந்து வந்த எங்கள் பிள்ளை வீட்டில் முட்டைகூட நுழையாது. இந்த ஊர்ப் பிள்ளைக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஒரே பட்டம் என்பதால் ஒரே அடுப்பு என்று மலைப் பிள்ளை நினைத்திருக்கிறார். கண்ணை உருட்டி மீசையை ஆட்டிக்கொண்டு வந்த ஒரு பிராணியை 'வைக்கணும்' என்றால், அது சட்டிக்குள் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தோன்றும்?

"ஆமா. மிளகு நெறையப் போட்டோம்" என்றார் அப்பா.

அது பொய் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பாவின் கை என் உச்சந்தலையில் வந்து அழுத்தியது.

"ஒண்ணுகூடி கொடுத்தயக்கட்டே?" இன்னும் ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்டார் மலைப் பிள்ளை.

"வேண்டாம் பிள்ளே. அந்த ஒண்ணே போதும். நீங்க செஞ்சத நான் மறக்கமாட்டேன்" என்றார் அப்பா. அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. அது மட்டும் பொய்யில்லை என்று எனக்கே தெரிந்தது.

மலைப் பிள்ளை போனதும் நான் முற்றத்துக்கு ஓடினேன். முயல் பெட்டியில் பத்திரமாக இருந்தது. முள்முருங்கை இலையை மென்றுகொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தேன். அத்தை "சிவ சிவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். சுவரில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள். "மிளகு போட்டோமாம், மயினி, மிளகு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அத்தைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். சிரிப்பு நிற்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் அதற்கு முன்னால் கேட்டிராத சத்தம். அப்பா கடைப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அத்தை ஓடிப்போய்த் தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அழட்டும், அழட்டும்" என்றாள்.

பெரியவர்கள் இரண்டு பேரும் இப்படிச் சும்மா நிற்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. நான் போய் முயலை அம்மாவின் மடியில் வைத்தேன். அதன் வயிறு மெத்தென்று இருப்பதை அவள் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினேன்.

"அழாதம்மா. அதுதான் சாகலியே" என்றேன்.

அம்மா என்னை இழுத்து முயலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். நான் அவளுடைய முதுகைத் தட்டிக்கொடுத்தேன். பொருத்தமாகத்தான் ஆறுதல் சொல்லியிருக்கிறேன் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.