நிலவேம்பை வெளுக்க வைத்தது யார்

செஞ்சி ரோட்டோரம் வேலிகாத்தான் முள்ளைத் தவிர எதுவும் விளையாத கரட்டு நிலத்தில் ஷெட் போட்டவன் நான். பாறையைத் துளைத்து போர் இறக்கினேன். தண்ணீர் வராது என்று சத்தியம் செய்தவர்களுக்கு அந்தத் தண்ணீரையே சொம்பில் கொடுத்தேன். மூடிப்போன ரைஸ்மில்லில் துருப்பிடித்துக் கிடந்த பாய்லரை லாரியில் ஏற்றி வந்து, பழுது பார்த்து ஓட வைத்தேன். நிலவேம்பு என்றால் காய்ச்சலுக்குக் கஷாயம் என்று மட்டும் தெரிந்திருந்த ஊரில், அதன் கசப்பை மட்டும் தனியாகப் பிரித்து மருந்து கம்பெனிக்கு அனுப்பினேன். அதற்கு ஸ்பிரிட், அதாவது எரிசாராயம், வேண்டும். அதை வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்கினேன். எந்தெந்த ஆபீசில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்பது அங்கிருந்த பெஞ்சுகளுக்குத் தெரியும். இத்தனையும் செய்தவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்.

இப்போது புதுக் கட்டடம் எழும்பி நிற்கிறது. வாசலில் பதிக்கக் கல்வெட்டு தயாராகிறது. அதில் ‘சுத்திகரிப்பு முறையைக் கண்டறிந்தவர்’ என்று எழுதி, பக்கத்தில் என் மாப்பிள்ளையின் பெயரைப் போடப் போகிறார்களாம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லைசென்ஸ் வந்த புதிதில் ஊர் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. பங்காளி ஒருவர் கடைத்தெருவில் நாலு பேர் எதிரில் கேட்டார்.

“இன்னாப்பா, உள்ள டேபிள் சேரெல்லாம் போட்டுட்டியா? தொட்டுக்க இன்னா வெச்சிருக்கே?”

“நிலவேம்புப் பொடி வெச்சிருக்கேன். வந்து நக்கிட்டுப் போ” என்றேன்.

அவர் இன்றைக்கும் அதே டீக்கடையில்தான் உட்கார்ந்து அடுத்தவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.

நிலவேம்புத் தூள் லேசுப்பட்டதல்ல. ஷெட்டில் வேலை செய்பவர்களின் சேலை, தலைமுடி, பையில் இருக்கிற ரூபாய் நோட்டு எல்லாம் கசக்கும். டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் நோட்டை எண்ண விரலை நாக்கில் வைத்துவிட்டு, எங்கள் ஸ்டாப்பில் இறங்குகிறவர்கள் எல்லாரையும் வாழ்நாள் முழுக்கத் திட்டினார்.

இந்தத் தொழிலில் மற்றவர்கள் சில பேர் மெத்தனாலில் சாறு எடுத்தார்கள். விலை மலிவு, ஆனால் விஷம். நான் கரும்பாலைப் பாகுக் கழிவிலிருந்து வருகிற ஸ்பிரிட்டில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து எடுத்தேன். சூடான ஸ்பிரிட்டில் பொடியை ஊற வைத்துச் சாற்றை வடிப்போம். பிறகு அந்த ஸ்பிரிட்டை ஆவியாக்கி, குளிர வைத்துத் திரும்பப் பிடித்து, அடுத்த மூட்டைக்கு அதையே ஊற்றுவோம். ஏரியிலும் ஒன்றும் கலக்காது, மூச்சிலும் ஒன்றும் ஏறாது. பிற்பாடு என் மகளைக் கட்டிக்கொண்டு வந்தவர் கெமிஸ்ட்ரியில் பெரிய படிப்பு. அவர் இதற்குப் ‘பசுமைக் கரைப்பான்’ என்று பெயர் வைத்தார். பிள்ளை என்னுடையது, பெயர் சூட்டு விழா அவருடையது.

மாப்பிள்ளை என்பதால் ‘அவர்’ என்று எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

எங்கள் சரக்கில் ஒரு குறை இருந்தது. கசப்போடு சேர்ந்து இலையின் பச்சையும் ஸ்பிரிட்டில் கரைந்து வந்துவிடும். கம்பெனிக்காரனுக்கோ சரக்கு வெள்ளையாக வேண்டும். மாப்பிள்ளை கரித்தூளைப் போட்டு வடித்தார். கரி பச்சையைத் தின்றது. சரக்கிலும் ஒரு பங்கைத் தின்றது. அதுவும் படித்த கரி போலிருக்கிறது, வெட்கமில்லாமல் தின்றது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எல்லாத் தொட்டிகளையும் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்தோம். பூஜை போட்ட பாத்திரம் வெறுமனே நிற்கக் கூடாது என்பது என் ஷெட்டில் நான் வைத்த சட்டம். தொட்டி கழுவும் அம்மா, என்னைவிட மூத்தவர், முதல் நாளிலிருந்து என்னோடு இருப்பவர், ஒவ்வொரு தொட்டியிலும் தண்ணீர் ஊற்றி வைத்தார். மறுநாள் காலை மேல்தட்டுக் கொப்பரையில் பொடி ஊறிச் சாறு தயாரானதும், மாப்பிள்ளை அங்கே நின்றபடியே கீழ்த் தொட்டிக்கு வால்வைத் திறந்தார். சூடான பச்சைச் சாறு முழுக்க அந்தத் தண்ணீரில் இறங்கிக் கலங்கிப்போனது.

“யாரு தொட்டில தண்ணி வெச்சது?”

“நான்தான் சார். வெறுமனே வெக்கக் கூடாதுன்னு தம்பிதான் சொல்லிச்சு” என்றார் அந்த அம்மா. என்னை ஒருநாளும் முதலாளி என்று கூப்பிட்டவரில்லை.

“காலைல எடுத்துக் கீழ ஊத்த வேணாமா?”

“தொறக்கறவங்க உள்ள எட்டிப் பாக்க வேணாமா?”

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். “மாமா, இந்த பேட்ச் அவ்ளோதான். கொட்டிட்டு அடுத்தத ஏத்திடலாம்.”

“யார் வூட்டு ஸ்பிரிட்டுங்க மாப்ள?”

“அதுக்கில்ல மாமா. இனிமே இத ஒண்ணும் பண்ண முடியாது.”

“பண்ண முடியலைன்னா இருக்கட்டும். நீங்க போய் டிபன் சாப்டுங்க.”

அவர் போய்ச் சாப்பிட்டார். நான் தொட்டி பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கலங்கல் மெதுவாகத் தெளிந்தது. பச்சையெல்லாம் தார் மாதிரித் திரண்டு அடியில் ஒட்டிக்கொண்டது. மேலே டீத்தண்ணி நிறத்தில் தெளிவு நின்றது. அதில் ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன். காது வரைக்கும் கசந்தது. அடித் தாரைத் தொட்டு வைத்தேன். கீரை வாடைதான் வந்தது. அப்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. தெளிவை ஆறுவதற்குள் துணியில் வடித்து, ஸ்பிரிட்டைப் பிரித்து, மிச்சத்தை ஆறப் போட்டேன். மறுநாள் பாத்திரத்தின் சுவரெல்லாம் உப்பு பூத்த மாதிரி வெள்ளை.

மாப்பிள்ளை ஒரு சிட்டிகையை வெள்ளைக் காகிதத்தில் கொட்டி ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது எப்ப நடந்துச்சு மாமா?”

“நீங்க இட்லி சாப்டப்போ.”

எவ்வளவு தண்ணீர், எந்தச் சூட்டில் என்று அளவு பிடித்தது அவர்தான். மாதக்கணக்கில் மெனக்கெட்டார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அளவு பிடிக்க முதலில் ஒரு பொருள் இருக்க வேண்டும். அதைச் சாக்கடையில் விடச் சொன்னவர் அதைக் கண்டறிந்தவர் ஆவது எந்த ஊர் நியாயம்? சென்னையில் ஏதோ கூட்டத்தில் படம் போட்டுக் காட்டி, கைதட்டு வாங்கி, தோளில் சால்வையோடு வந்து இறங்கினார். அந்தப் படங்களில் தொட்டி இருந்தது, தண்ணீர் இருந்தது, பச்சைத் தார் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தவன் மட்டும் இல்லை.

தொழிலை மகள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். கல்வெட்டில் என்ன எழுதுவது என்பதும் இப்போது அவள் முடிவு. கேட்டேன்.

“நைனா, அவரு பேரு போட்டாத்தான் வெளிநாட்டுக்காரன் வந்து பாத்தா நம்புவான். உன் பேருக்குப் பின்னால இன்னா போடறது? அஞ்சாங்கிளாஸ்னா?”

“போடு. அஞ்சாங்கிளாஸ்னே போடு.”

அவள் சிரித்துவிட்டு போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று கல் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். திறப்பாளர் பெயர், விருந்தினர் பெயர் எல்லாம் வெட்டியாகிவிட்டது. கடைசி வரி மட்டும் பாக்கி. வீட்டில் கேட்டு வரும்வரை உளியை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அந்த வரியில் என் பெயர் வர வேண்டும். அடுத்து, தொட்டியில் தண்ணீர் ஊற்றிய அந்த அம்மாவின் பெயர். அதற்குக் கீழே இடம் இருந்தால், ‘அளவு பிடித்தவர்’ என்று போட்டு மாப்பிள்ளை பெயரைத் தாராளமாக வெட்டிக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்றால் கல்லைப் பெரிதாக வாங்குங்கள். என் பெயரைச் சின்னதாக்காதீர்கள்.