பெட்டிக்குள் ஒரு சக்களத்தி

என் புருஷனுக்கு வேறொருத்தியோடு தொடர்பு இருந்திருந்தால் அவளுடைய தலைமயிரைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். எனக்கு வாய்த்தவளுக்குத் தலையும் இல்லை, மயிரும் இல்லை. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில், உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டிக்குள், சின்னச் சின்ன பிளாஸ்டிக் தட்டுகளில் இருந்தாள். மீன் தோலில் எடுத்த புரதத்தால் மெல்லிய வலை செய்து, அதன்மேல் மனிதத் தோலின் உயிர்க்கலங்களை வளர்ப்பது அவருடைய ஆராய்ச்சி. நெருப்புக் காயப்பட்டவர்களுக்கு ஒருநாள் உதவுமாம். நல்ல காரியந்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கலங்களுக்கு நேரம் தவறாமல் சாப்பாடு மாற்ற வேண்டும். நத்தார்ப் பண்டிகை என்றாலும் சரி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் சரி, அவர் அங்கேதான் நிற்பார்.

நானும் மகளும் மன்னாரில் இருந்தோம். நான் பார்த்ததும் ஒரு பராமரிப்பு வேலைதான். இணையத்தில் வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்கிறவர்கள் மேசை வாடகைக்கு எடுத்து இருக்கிற கட்டடம் ஒன்றை நடத்தினேன். கரண்ட் போனால் ஜெனரேற்றர் போடுவேன். முதுகு நோகிறவருக்குக் கதிரை மாற்றிக் கொடுப்பேன். ஏசி குளிர் கூடிப்போச்சு என்று ஒருவரும் காணாது என்று இன்னொருவரும் முறைத்துக்கொண்டால் நடுவில் நிற்பேன். அங்கே கணினியில் வீட்டுப் படங்கள் வரைகிற ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய மகன் வந்து பக்கத்துக் கதிரையில் இருப்பான். அவர் ஒரு கையால் வரைந்துகொண்டே மற்றக் கையால் அவனுடைய சட்டைப் பொத்தானைப் பூட்டிவிடுவார். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. அன்றைக்கு நான் அவருக்குக் கொடுக்கிற தேத்தண்ணி கொஞ்சம் ஆறித்தான் போகும்.

அந்த வருடம் மகளுக்கு முதல் நன்மை, தேவாலயத்தில் முதன்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். எங்கள் பங்குக் கோயிலில் நன்மை வாங்கும் பிள்ளையைத் தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் கைபிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒத்திகையில் என் மகளுக்கு ஒரு பக்கந்தான் ஆள் இருந்தது. மற்றக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கோயில் வாசலிலேயே நின்று அவருக்குப் போன் எடுத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு மாத்திற நாள். மாத்தாட்டிச் செத்துப்போடும்" என்றார்.

"அப்ப அதுகளுக்கே நன்மை குடுத்துப்போட்டு ஆறுதலா வாங்கோ."

"கோவிக்காதையும். சாப்பாடு மாத்த ஆரையாவது ஒழுங்கு செய்துபோட்டு வாறன். பிள்ளைக்குச் சப்பாத்தும் நானே வாங்கிக்கொண்டு வாறன்."

"அளவு தெரியுமோ?"

"என்ர பிள்ளையின்ர கால் எனக்குத் தெரியாதோ?"

சொன்னபடி ஞாயிறு விடிய பஸ்ஸில் வந்து இறங்கினார். சப்பாத்து நல்ல வடிவு, தூய வெள்ளை. மகளின் குதிக்கால் வெளியே நின்றது.

"அது போன வருசத்துக் கால்" என்றேன்.

அவருடைய முகம் கறுத்துப்போனது. தட்டில் கலங்கள் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று நாள்தோறும் படம் எடுத்து வைக்கிற மனிதர். அப்படிக் குத்திச் சொன்னது எனக்கு நன்றாக இருந்தது. பழைய சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு வந்தேன். மகள் திரும்பியும் பார்க்கவில்லை.

"அப்பா வாங்கினதுதான் போடுவன்" என்று விரல்களை மடக்கிக் காலை உள்ளே தள்ளினாள். நான் எத்தனையோ மாதமாகத் தைத்துக் கொடுத்த உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பீடம் வரைக்கும் முகம் கோணாமல் நடந்தாள். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். அவருடைய கையைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருத்திச் சப்பாத்தைக் கழற்றினால், குதிக்காலில் தோல் உரிந்து காலுறை இரத்தத்தோடு ஒட்டியிருந்தது. நான் பிளாஸ்டர் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் நிலத்தில் சம்மணமிட்டு இருந்து அவளுடைய காலைத் தன் மடியில் வைத்திருந்தார். மேசையில் அவருடைய போன் அடித்தது. ஆய்வுகூடத்து இலக்கம். நின்று, திரும்பவும் அடித்தது.

"அப்பா, போன்" என்றாள் மகள்.

"அடிக்கட்டும்."

"புதுத் தோல் எப்ப வரும்?"

"இப்பவே வளரத் தொடங்கியிருக்கும்."

"நீங்கள் அடுத்தமுறை வரேக்குள்ள இதெல்லாம் மாறியிருக்கும், என்ன?"

அவர் குனிந்து அந்தக் குதிக்காலை ஊதிக்கொண்டிருந்தார்.

எவ்வளவோ காலமாக நான் கேட்டது இதுதானே, சந்தோசப்பட்டிருக்க வேண்டும். பிளாஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு நான் பெற்ற பிள்ளைமேலேயே பொறாமை வந்தது. கோயிலுக்கென்று வாங்கிய புதுச் செருப்புக் கடித்து என் காலும் நொந்துகொண்டிருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.