கடலுக்கு முதுகைக் காட்டி

என் கணவர் இறந்துபோன பிறகு எல்லாரும் அவரைப் பற்றி ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: அமைதியான மனுஷர். ஆமாம், வீட்டில் அமைதிதான். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் முடிந்ததும் கூட்டாளிகளோடு ஒயின் ஷாப்புக்குப் போவார். இருட்டிய பிறகு கொல்லைப்பக்கமாக வந்து குளிப்பார். வாயில் ஏலக்காய் மணக்கும். "சாப்பாடு வேணாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். கத்தியதில்லை, கை நீட்டியதில்லை. சண்டை போடக்கூட இடம் கொடுக்காத மனுஷனை என்ன செய்வது?

ஒருமுறை பஸ்ஸில் அந்தக் கடையைத் தாண்டிப் போனேன். உள்ளே வரிசையாக முதுகுகள். ரோட்டில் போகிறவர்களுக்கு முகம் தெரியக் கூடாதென்று எல்லாரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த நீலச் சட்டை காலையில் நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தது. அந்த முதுகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது. குடிக்கிறார் என்பது அன்றைக்கு எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னிடம் "ம்", "சரி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர் அங்கே யாரோடோ அப்படிச் சிரிக்கிறாரே என்றுதான் வயிறு எரிந்தது.

அவர் ரிட்டயர் ஆகி, நாங்கள் ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்த பிறகும் சனிக்கிழமை மாறவில்லை. அப்போதுதான் மலேசியாவில் இருக்கும் மகள் எங்களை லங்காவித் தீவுக்கு அழைத்துப் போவதாகச் சொன்னாள். "நாங்க இருக்கறதே தீவுதாண்டி. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். இதுக்கு எதுக்கு பிளேன் டிக்கெட்டு?" என்று கேட்டேன். கேட்டேனே தவிர, புதுப்புடவை இரண்டு எடுத்துவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் மகள் குழந்தையோடு அறையில் இருந்தாள். நாங்கள் இருவரும் கடற்கரையில் நடந்தோம். மணலிலேயே வரிசையாக பார்கள், நாற்காலிகள் எல்லாம் கடலைப் பார்த்து. ஆணும் பெண்ணுமாக வெட்டவெளியில் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். இவரோ தலையைக் குனிந்துகொண்டு, கடன்காரனைக் கண்டதுபோல விறுவிறுவென்று தாண்டிப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. "கால் வலிக்குது" என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு வழியில்லாமல் அவரும் உட்கார்ந்தார்.

பரிமாற வந்தவள் தமிழ்ப் பெண். "ஆண்ட்டி, அங்கிள், என்ன கொண்டு வரட்டும்?"

"ஜூஸ்" என்றார் இவர், கேட்டு முடிப்பதற்குள்.

"ஜூஸ் எனக்கு. அவருக்கு ரம் கலந்தது எதாச்சும் நல்லதா கொண்டாம்மா" என்றேன்.

இவர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். உயரமான கிளாஸ் வந்தது. விளிம்பில் அன்னாசித் துண்டு, மேலே காகிதக் குடை. குடையை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு எழுந்து நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டு, பாரின் மரச்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள், இவர் ஒருவர் மட்டும் சுவரைப் பார்க்கிறார்.

"ஏங்க, இங்க நம்மள யாருக்குத் தெரியும்?"

"நீ இருக்கியே."

இத்தனை வருஷமும் ஊருக்குப் பயந்து ஒளிகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்.

"எனக்கு எப்பவோ தெரியும்ங்க. திரும்பி உக்காருங்க. உங்க முகத்தைப் பாக்கணும் நான்."

மெதுவாகத் திருப்பிப் போட்டார். பாதிச் சூரியன் மிச்சமிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்பத்து மாதிரி இருக்கு" என்று குறைபட்டுக்கொண்டார். அரை கிளாஸ் இறங்கியதும் பேச ஆரம்பித்தார். பழைய ஃபோர்மேன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பதை உட்கார்ந்தபடியே நடித்தார். தூங்கிக்கொண்டே சைக்கிள் ஓட்டி மாட்டின் மேல் மோதி, மாட்டிடம் மன்னிப்புக் கேட்ட கூட்டாளியைப் பற்றிச் சொன்னார். ஜூஸ் மூக்கில் ஏறும்வரை சிரித்தேன். சிரிக்கும்போதே பொறாமையாகவும் இருந்தது. இந்த மனுஷனையா வாராவாரம் அவர்களுக்குத் தாரைவார்த்திருந்தேன்?

இருந்த நாளெல்லாம் சாயங்காலம் அங்கேதான் போனோம். வானம் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால் மகள் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பிய முதல் சனிக்கிழமை, தலை சீவி, சட்டை மாற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். தீவில் நடந்தது தீவோடு போயிற்று என்று துணி மடிக்க உட்கார்ந்தேன். ஒரே புடவையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

வெளிச்சம் மங்குவதற்குள் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. முன்வாசல் வழியாகவே வந்தார். ஏலக்காய் மணக்கவில்லை, வேறு எந்த வாசனையும் இல்லை.

"என்னங்க, அங்க யாரும் வரலையா?"

"எல்லாரும் வந்திருந்தாங்க." செருப்பைக் கழற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பேசறதுக்குத்தான் ஆளில்ல."